வெள்ளை அணியின் கோலி

கேட்டன்ஸ்வில்,
ஜூலை 28

ரஸ்ஸுக்கு,

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். நேரில் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வந்தேன். நீ நண்டை உடைத்து உடைத்து டெஸ்ஸாவின் தட்டில் போட்டுக்கொண்டே, அடுத்த சீசனுக்கு என்னென்ன செய்யப் போகிறாய் என்று அவளிடம் அளந்துகொண்டிருந்தாய். எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

டெஸ்ஸாவை உன் லக்ராஸ் கிளப்பிலிருந்து எடுக்கிறோம். ஆகஸ்டில் கோல்ட்வாட்டர் கிளப்பின் தேர்வுக்கு அழைத்துப் போகிறேன்.

உடனே காகிதத்தைக் கசக்காதே, முழுக்கப் படி. என் பெண் உன்னிடம் வந்தபோது ஒன்பது வயது. பந்தை வலைமட்டையில் வாங்கினால் நேராகக் கோலுக்கு ஓடுவாள், யாராலும் பிடிக்க முடியாது. இந்த வசந்தத்தில் திடீரென்று அவளைப் பின்னால் கொண்டுபோய்த் தற்காப்பில் நிறுத்தினாய். ஏன் என்று எத்தனை முறை கேட்டேன்? “பாக்கலாம்க்கா, பாக்கலாம்க்கா” என்றாயே தவிர ஒரு பதில் கிடையாது. அரையிறுதியின் கடைசி நிமிடங்களில் அவளை வெளியே எடுத்துவிட்டு லிண்ட்க்விஸ்ட் வீட்டுப் பெண்ணை உள்ளே அனுப்பினாய். அந்தப் பெண் வண்ணத்துப்பூச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தோற்றோம். “எல்லாரும் விளையாடணும்” என்பது உன் கொள்கை, சரி. இது மாதாகோவில் பிக்னிக் இல்லை, ரஸ்.

இந்த ஊரில் லக்ராஸ் என்றால் என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். இன்னும் சில வருடங்களில் கல்லூரிக்காரர்கள் தங்கள் அணிக்குப் பிள்ளைகளைப் பார்க்க வந்துவிடுவார்கள். அவர்கள் வருவது கோல்ட்வாட்டர் மைதானத்துக்கு. உன் மைதானத்துக்கு வருவது வாத்துக் கூட்டம்.

இதில் உன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

நோரீன்

*

பார்க்வில்,
ஜூலை 31

அக்காவுக்கு,

காரில் இருபது நிமிடத் தூரத்தில் இருக்கும் தம்பிக்குத் தபால்தலை ஒட்டிக் கடிதம் போட்டிருக்கிறாய். கோபம் இல்லை என்று வேறு எழுதியிருக்கிறாய்.

லிண்ட்க்விஸ்ட் வீட்டுப் பெண் வண்ணத்துப்பூச்சியைப் பார்க்கவில்லை. அழுதுகொண்டிருந்தாள். முந்தைய ஆட்டத்தில் அவளுடைய அப்பா வேலிக்கு வெளியே நின்று கத்திய கத்தலில் அவள் மட்டையையே தொட மாட்டேன் என்றாள். அதனால்தான் இறக்கினேன். ஜெயிக்க இறக்கவில்லை. நீ பார்த்தது முதுகை மட்டும்.

வாத்துகள் வருவது உண்மைதான். அவை உன்னைவிட அமைதியாக ஆட்டம் பார்க்கின்றன.

டெஸ்ஸாவை ஏன் பின்னால் நிறுத்தினேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அதை நான் சொல்ல முடியாது, அவளிடமே கேள். ஆனால் கேட்கும்போது கேள்வியாகக் கேள். நீ கேட்டால் அது பெரும்பாலும் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும்.

கோல்ட்வாட்டர் போக வேண்டும் என்று அவள் சொன்னாளா? உன் கடிதத்தில் நீ இருக்கிறாய், நான் இருக்கிறேன், கல்லூரிக்காரர்கள்கூட இருக்கிறார்கள். அவள் சொன்னதாக ஒரு வார்த்தை இல்லை.

அவள் போனால் அவளைப் பார்த்து இன்னும் சில வீடுகள் கிளம்பும். பகல் முழுக்கக் கண்டவன் வீட்டு மாடியில் ஏசி மிஷினுக்குள் தலையை விட்டுவிட்டு, மாலையில் இந்தப் பிள்ளைகளுக்காக ஓடி வருகிறேன். சம்பளத்துக்கு இல்லை என்று உனக்குத் தெரியும்.

ரஸ்

*

கேட்டன்ஸ்வில்,
ஆகஸ்ட் 20

ரஸ்ஸுக்கு,

டெஸ்ஸா கோல்ட்வாட்டரில் தேர்வாகிவிட்டாள். நீயே முதலில் கேட்பாய் என்று எதிர்பார்த்தேன்.

தேர்வு என்றால் அதுதான் தேர்வு. முதுகில் எண் ஒட்டி, பிள்ளைகளை வரிசையாக ஓடவிட்டார்கள். பெற்றோர் யாரும் வேலிக்குள் வரக் கூடாது. கிளப்பின் தலைவர் வாரன் ப்ளைத் என்று ஒருவர், யாரைப் பார்த்தும் சிரிக்கவில்லை. கையில் டேப்லெட்டை வைத்து ஏதோ குறித்துக்கொண்டே இருந்தார்.

நீ சொன்ன மாதிரியே அவளிடம் மெதுவாகக் கேட்டேன். ஐஸ் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டேன். “ஏன்டா கண்ணு, மாமா உன்ன ஏன் பின்னாடி நிறுத்தினாரு?” அவள் ஐஸைப் பார்த்துக்கொண்டு, “சும்மாதாம்மா” என்றாள். ஆக, உன் பெரிய காரணம் “சும்மா”. புதிர் போட்டு என்னைச் சுற்றவிடாதே.

மகளை உன் பயிற்சியில் விட்டுவிட்டு வந்த ஜென்னி ஹாலரன் கடை வாசலில் என்னைப் பிடித்து, “டெஸ்ஸா ஏன் மாறுறா?” என்று கேட்டாள். உண்மையைச் சொன்னேன். கேட்டவளுக்குப் பதில் சொல்வது ஆள் பிடிப்பது ஆகாது. நான் ஆள் பிடிக்கிறேன் என்று நீ அவளிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

உன் அத்தான் கில்லின் பிறந்தநாளுக்கு நீ வரவில்லை. கேக் வெட்டும்போது அவர், “உன் தம்பிக்கு ஒரு துண்டு எடுத்து வை” என்றார். எடுத்து வைத்தேன். மூன்றாம் நாள் நானே தின்றேன்.

நோரீன்

*

பார்க்வில்,
செப்டம்பர் 10

அக்காவுக்கு,

ஹாலரன் போயாயிற்று. அவர்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு வீடு. களத்தில் பன்னிரண்டு பேர் வேண்டும், என்னிடம் பதினொன்று. அதனால் கிழக்குப் பக்கத்துக் கிளப்போடு சேர்ந்து ஆடுகிறோம். அவர்களுடைய கோச் வார்த்தைக்கு வார்த்தை துப்புகிறான். பிள்ளைகளும் அவனைப் பார்த்துத் துப்பப் பழகிவிட்டார்கள். நேற்று லிண்ட்க்விஸ்ட் பெண் துப்பியது என் ஷூவில்.

போன வாரம் ஒரு வீட்டுக்கு ஏசி பார்க்கப் போனேன். அந்த வீட்டுப் பெண் கோல்ட்வாட்டர் நீலப் பனியன் போட்டிருந்தாள். “என் அக்கா பொண்ணும் உங்க கிளப்தான், டெஸ்ஸா” என்றேன். அந்த அம்மா யோசித்துவிட்டு, “ஓ, வெள்ளை அணியா? அதுவும் நல்லதுதான்” என்றார். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் சொல்வோமே, அந்தக் குரலில்.

அப்புறம்தான் விசாரித்தேன். நீலம் முதல் அணி. அடுத்தது வெள்ளி. மிச்சமிருப்பவர்கள் வெள்ளை. உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். தலைவர் சிரிக்காதது வரை எழுதியிருக்கிறாய், நிறத்தை மட்டும் விட்டுவிட்டாய்.

சந்தோஷப்படுகிறேன் என்று நினைக்காதே. என் அணியைக் கலைத்து எடுத்துக்கொண்டு போனதாவது நல்ல இடத்துக்குப் போயிருக்கக் கூடாதா என்றுதான் வயிறு எரிகிறது.

அத்தானிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். கேக்குக்காக இல்லை.

ரஸ்

*

கேட்டன்ஸ்வில்,
அக்டோபர் 13

ரஸ்,

இது மூன்றாவது காகிதம், முதல் இரண்டையும் கிழித்துப் போட்டேன். கோபத்தில்தான்.

முதலில் நீ கேட்க ஆசைப்படுவதைச் சொல்லிவிடுகிறேன். ஆமாம், வெள்ளை அணி. ஆமாம், அது உதவாக்கரை அணி. பயிற்சிக்குப் பாதி நாள் கோச் வருவதில்லை. ஷெல்பி என்று கல்லூரி முடித்த சின்னப் பெண்தான் கோச். வந்தாலும் கையில் காபியும் காதில் போனும். ப்ளைத்திடம் போய்க் கேட்டேன். “மேடம், வெள்ளை அணிங்கிறது வளர்ச்சிக்கான அணி” என்றார். “யாரோட வளர்ச்சிக்கு?” என்று கேட்டேன். “பொறுமையா இருங்க” என்றார். பிள்ளை சனிக்கிழமை விடிந்தாலே வயிறு வலிக்கிறது என்கிறாள். காரில் பேச்சே இல்லை. நீதான் எதையோ சொல்லி அவள் மனதைக் கெடுத்துவிட்டாய் என்று கில்லிடம் சொன்னேன். “அவன் அவளைப் பாத்தே ரெண்டு மாசம் ஆச்சு, நோரீன்” என்றார்.

இப்போது இந்த வாரக் கதை. பக்கத்து மாநிலம் டெலவேரில் போட்டி. விடிவதற்குள் கிளம்பி, பாலத்தில் மாட்டிக்கொண்டு, மழையில் போய்ச் சேர்ந்தோம். முதல் ஆட்டம் படுதோல்வி. அடுத்த ஆட்டத்துக்கு முன், கோலைக் காக்கும் எங்கள் கோலிப் பெண்ணுக்குக் காய்ச்சல், அவளுடைய அப்பா அழைத்துப் போய்விட்டார். ஷெல்பி பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்து, “யாராவது கோல்ல நிக்கிறீங்களா?” என்று கேட்டாள். எல்லாப் பிள்ளைகளும் ஷூ கயிற்றைப் பார்த்தார்கள். ஜென்னியின் மகள் குனிந்து கட்டிய கயிற்றையே அவிழ்த்துக் கட்டினாள்.

டெஸ்ஸா கையைத் தூக்கினாள்.

எனக்குக் கோலி என்றாலே ஆகாது என்று உனக்குத் தெரியும். பந்து கல் மாதிரி வரும். பட்ட இடம் வாரக்கணக்கில் நீலமாக இருக்கும். மற்றவர்கள் செய்த தப்புக்கெல்லாம் கடைசியில் பழி அவள் தலையில். கோலியின் அம்மாக்கள் தனியாக நிற்பதை நான் பார்த்திருக்கிறேன், யாரும் அவர்கள் பக்கத்தில் போய்ப் பேச மாட்டார்கள். என் பெண்ணுக்கு அது வேண்டாம் என்று அவளுடைய முதல் மட்டையை வாங்கிய அன்றே சொன்னேன்.

ஹெல்மெட் அவளுக்குப் பெரிது. மார்புக் கவசம் முட்டி வரை தொங்கியது. நான் கத்திக்கொண்டே போவதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. பதினான்கு கோல் விட்டாள், ரஸ். ஆனால் நான் பார்த்தேன். என்னைவிட உயரமான ஒரு பெண் நேராக ஓடிவந்து அடிக்கிறாள், இவள் கண்ணை மூடவில்லை. பின்வாங்கவும் இல்லை. ஒரு காலை முன்னால் வைத்து, மட்டையை நிமிர்த்தி, பந்துக்கு எதிராகப் போகிறாள். முதல் தடவை நிற்பவள் அப்படி நிற்க மாட்டாள். எனக்கு அவ்வளவு விளையாட்டு தெரியும்.

திரும்பி வரும்போது வறுவலைத் தின்றுகொண்டே ஓயாமல் பேசினாள். ஆகஸ்டுக்குப் பிறகு அவள் அப்படிப் பேசிக் கேட்கவே இல்லை. தொடையில் சாஸர் அளவுக்கு நீலம். அதை எனக்குத் தூக்கிக் காட்டுகிறாள், பதக்கம் மாதிரி.

“யாருடி சொல்லிக்குடுத்தது இதெல்லாம்?”

“மாமாதான்.”

“எப்போ?”

“வசந்தத்துலேர்ந்து. நீங்க கூட்டிட்டுப் போக வர்றதுக்கு முன்னாடி.”

வண்டியை ஓரம் கட்டினேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

என் பிள்ளையும் நீயும் சேர்ந்து எனக்குத் தெரியாமல் ஒரு விஷயத்தை மாதக்கணக்கில் வைத்திருந்தீர்கள். நான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உன் மைதானத்தின் ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஏன் பின்னால் நிறுத்துகிறான், ஏன் பின்னால் நிறுத்துகிறான் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். நீ “பாக்கலாம்க்கா” என்றாய்.

பதில் எழுது. போன் செய்யாதே. எடுக்க மாட்டேன்.

நோரீன்

*

பார்க்வில்,
அக்டோபர் 16

அக்காவுக்கு,

எழுதுகிறேன்.

மார்ச்சில் எங்கள் கோலிக்குக் கை உடைந்தது. பயிற்சி முடிந்து மற்றவர்கள் போன பிறகு டெஸ்ஸா என்னிடம் வந்து, “மாமா, நான் ஒரு தடவை நின்னு பாக்கட்டுமா?” என்று கேட்டாள். வேண்டாம், அம்மா திட்டுவாள் என்றேன். “ஒரே ஒரு தடவ மாமா” என்றாள். மெதுவாக ஒரு பந்து போட்டேன். பிடித்தாள். கொஞ்சம் வேகமாகப் போட்டேன். அதையும் பிடித்துவிட்டு, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சிரித்தாள் பார், கோல் போட்டபோது அவள் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை. கோல் போட்டால் அவள் முதலில் உன்னைத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

“அம்மாகிட்ட நானே சொல்றேன், நீங்க சொல்லிடாதீங்க” என்று சத்தியம் வாங்கினாள். வாரா வாரம் கேட்டேன், சொல்லிவிட்டாயா என்று. “இன்னைக்கு அம்மா மூடு சரியில்ல மாமா” என்பாள். ஆட்டத்தில் கோலில் நிறுத்தினால் உனக்குத் தெரிந்துவிடும். முன்னால் ஆட அவளுக்கு இஷ்டமில்லை. கோலுக்குப் பக்கத்திலாவது இருக்கட்டும் என்று பின்னால் நிறுத்தினேன். இதுதான் அந்தக் காரணம். பதினோரு வயதுப் பெண்ணுக்குக் கொடுத்த சத்தியத்தை உடைத்தால் அப்புறம் அவள் யாரை நம்புவாள் சொல்.

உனக்கு அது வலிக்கும் என்று தெரியும். ஆனால் “அவளிடமே கேள்” என்று நான் எழுதினேனா இல்லையா?

சரி, நடந்தது நடந்தது. இப்போது கேள். கிழக்குப் பக்கத்துக் கிளப்பின் கோலி வேறு ஊருக்குப் போகிறாள். வசந்தத்துக்கு எனக்குக் கோலி இல்லை. டெஸ்ஸாவைக் கொண்டுவந்து விடு. அந்த ஷெல்பியும் அவள் காபியும் உனக்கு எதற்கு? நான் சொல்லிக்கொடுக்கிறேன், தினமும். தொடையில் படாமல் நிற்க ஒரு வழி இருக்கிறது, அதை இன்னும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

நான்தான் சரி என்று எழுத எனக்கு ஆசை. எழுதவில்லை, கவனித்துக்கொள்.

ரஸ்

*

கேட்டன்ஸ்வில்,
நவம்பர் 5

ரஸ்ஸுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் நாம் கிறிஸ்துமஸுக்கும் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

இப்போது எழுதக் காரணம், என்னால் தனியாக முடியவில்லை.

டெலவேருக்குப் பிறகு டெஸ்ஸாதான் வெள்ளை அணிக்குக் கோலி. காய்ச்சல் வந்த பெண் திரும்பி வரவே இல்லை. எங்கள் ஆட்டத்தை நீல அணியின் கோச் நின்று பார்த்திருக்கிறார். ப்ளைத் என்னைக் கூப்பிட்டார். இந்த முறை சிரித்தார், ரஸ். அவருக்குப் பல் இருக்கிறது. “உங்க பொண்ண நீல அணிக்கு எடுக்கலாம்னு இருக்கோம். இரண்டாவது கோலி. இந்த மாசத்துலேர்ந்தே.”

நீல அணி. ஆகஸ்டில் நான் கேட்டு அழுத நீல அணி. வண்டியில் ஏறியதும் அவளிடம் சொன்னேன். அவள் சீட்பெல்ட்டைப் போட்டுவிட்டு, “அப்போ வெள்ளைக்கு யாரு நிப்பா?” என்றாள்.

“அதெல்லாம் அவங்க பாத்துப்பாங்கடா.”

“யாரும்மா பாத்துப்பாங்க? ஷெல்பியா?”

சரி, உன் வழிக்கே வருகிறேன் என்று, “மாமா உன்ன கேக்குறாரு, அவர்கிட்ட போறியா?” என்றேன். நான் எவ்வளவு இறங்கி வந்தேன் என்று நீ யோசித்துப் பார்க்க வேண்டும். அதற்கும் அதே பதில். “அப்போ வெள்ளைக்கு யாரு?”

அந்த அணியால் ஒரு ஆட்டம் ஜெயிக்க முடியவில்லை. பாதிப் பேருக்குப் பந்தே பிடிக்க வராது. கோச் இருந்தும் இல்லை. அதை விட்டு வர மாட்டேன் என்கிறாள். கத்தினேன். அவள் கத்தவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். கில் செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலிருந்து, “யாரோ எல்லாரும் விளையாடணும்னு சொல்லிக்குடுத்திருக்காங்க” என்கிறார்.

யார் என்று உனக்குத் தெரியும்.

ப்ளைத் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார். நீ வந்து பேசு. நீ சொன்னால் கேட்பாள். நான் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் வா, என் முன்னால் வேண்டாம்.

நோரீன்

*

பார்க்வில்,
நவம்பர் 9

அக்காவுக்கு,

போனேன். பேசினேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நீல அணிக்குப் போகச் சொல்லத்தான் நீ அனுப்பினாய். நான் அதற்காகப் போகவில்லை. என் அணிக்கு இழுக்கப் போனேன். நீயும் அதை எதிர்பார்த்திருப்பாய்.

அவள் கொல்லைப்புறத்தில் கராஜ் சுவரில் பந்தை அடித்து அடித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். நல்ல கையுறை வாங்கித் தருகிறேன் என்றேன். எல்லா ஆட்டத்திலும் முழு நேரமும் நீதான் என்றேன். உன் கூட்டாளிகளெல்லாம் கேட்கிறார்கள் என்றேன். அவள் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“மாமா, உங்ககிட்ட ஆள் கொறைஞ்சப்போ நீங்க என்ன பண்ணீங்க?”

“கிழக்குப் பக்கத்து ஆளுங்களோட சேந்துகிட்டேன்.”

“விட்டுட்டுப் போனீங்களா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன ஏன் கூப்பிடுறீங்க?”

அக்கா, நான் பல வருடமாகக் கோச். எத்தனையோ அப்பன்மார்கள் என் மூஞ்சிக்கு நேராகக் கத்தியிருக்கிறார்கள். இப்படி யாரும் என் வாயை அடைத்ததில்லை. நான் சொல்லிக்கொடுத்ததை வைத்தே என்னை அடித்துவிட்டாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் ஸ்டியரிங்கை ஒரு குத்துக் குத்தினேன். வசந்தத்துக்கு எனக்குக் கோலி இல்லை, அது மாறவில்லையே.

கிளம்பும்போது இரண்டு விஷயம் சொன்னாள். ஒன்று, சனிக்கிழமை ஆட்டம் பார்க்க வரலாமாம், ஆனால் கோச் வேலை செய்யக் கூடாது, அது ஷெல்பியின் வேலை. ஷெல்பி இப்போது நேரத்துக்கு வருகிறாளாம். டெஸ்ஸா அவளிடம் நேரே போய், “நீங்க வரலன்னா எங்களுக்குப் பயமா இருக்கு” என்று சொன்னாளாம். நீயும் ப்ளைத்தும் பேசியதைவிட அது வேலை செய்திருக்கிறது.

இரண்டாவது உனக்கு. நேரில் உன்னிடம் சொல்லத் தயக்கமாம். “அம்மாவ கோலுக்குப் பின்னாடி நிக்க வேண்டாம்னு சொல்லுங்க மாமா. பந்து வரும்போது அவங்க மூச்ச இழுக்கிறது எனக்குக் கேக்குது.”

ப்ளைத்திடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. சனிக்கிழமை நடுக்கோட்டுப் பக்கம் எனக்கும் ஒரு நாற்காலி போடு. நான் கத்த மாட்டேன்.

ரஸ்

*

கேட்டன்ஸ்வில்,
நவம்பர் 17

ரஸ்ஸுக்கு,

நீ கத்தினாய்.

ப்ளைத்திடம் வேண்டாம் என்று சொன்னேன். “யோசிச்சு சொல்லுங்க மேடம், இது திரும்ப வராது” என்றார். பற்கள் மறுபடி உள்ளே போய்விட்டன. நான் யோசித்தேன், இரண்டு இரவு தூங்கவில்லை. இன்னும் எனக்கு அது சரி என்று படவில்லை. அந்த நீலப் பனியனில் அவளைப் பார்க்கும்போதே எனக்கு வயது குறைந்திருக்கும். இதை நீ யாரிடமும் சொல்லக் கூடாது.

கோலுக்குப் பின்னால் நிற்கவில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்தேன், மூச்சையும் பிடித்துக்கொண்டேன். கடைசி நிமிடம் வரை சமநிலை. வெள்ளை அணி இந்த வருடம் அந்த இடத்துக்கே வந்ததில்லை. ஜென்னி என் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். நீ என்னவென்றால் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, “டெஸ்ஸா, இடது பக்கம்” என்று மைதானமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாய். தோற்றதும் பார்க்கிங் பக்கம் நழுவிவிட்டாய். அதனால் மிச்சத்தை எழுதுகிறேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். மற்ற பிள்ளைகள் எல்லோரும் கோலுக்கு ஓடிவந்து அவள்மேல் விழுந்தார்கள், ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரி. ஷெல்பிதான் அழுதாள். பாவம், அவளும் சின்னப் பெண்தானே. நான் ஜென்னியோடு தள்ளியே நின்றேன். கோலியின் அம்மாவிடம் பேச அன்று நாலு பேர் வந்தார்கள்.

வண்டியில் டெஸ்ஸா ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்.

“மாமா இடது பக்கம்னு கத்துனாருல்ல, அது எனக்குக் கேட்டுச்சு, நானும் அந்தப் பக்கம் போயிட்டேன். பந்து வெச்சிருந்த பொண்ணுக்கும் கேட்டுச்சு. அவ வலது பக்கம் போட்டுட்டா.”

ஆக, அந்தக் கோல் உன்னுடையது. மறுபடி இப்படி நடக்கக் கூடாது என்று அவள் ஒரு முடிவு எடுத்திருக்கிறாள், ஷெல்பியிடமும் சொல்லிவிட்டாளாம். அடுத்த சனிக்கிழமை நீயும் நானும் வரலாம். ஆனால் காரை விட்டு இறங்கக் கூடாது, கண்ணாடியும் ஏற்றியிருக்க வேண்டும்.

உன் வண்டியிலேயே வந்துவிடுகிறேன். அதில் ஹீட்டர் நன்றாக வேலை செய்கிறது.

நோரீன்